அரிசி டின்னில் டிஸ்க்

அந்த அறையில் முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தால் படகுத்துறை தெரியும். சர்வர் வந்த வாரம் அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். உப்புக் காற்று மெஷினுக்கு ஆகாதாம். ஏ.சி. மாட்டினார்கள். ஒரு மேசை, அதன் மேல் ஸ்கேன் எடுக்கும் கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, மெஷின், நான். அவ்வளவுதான் அந்த அறை கொள்ளும்.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக்காரர்கள் சங்கத்து ஆபீஸ் அது. கீழே ஐஸ் கம்பெனி, மாடியில் ஆபீஸ். கூட்டித் துடைத்து டீ போடத்தான் என்னைச் சேர்த்தார்கள். எட்டாவது வரை படித்தவள் நான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆபீஸ் சாவி என்னிடம் இருந்தது. காலையில் திறப்பதும் சாயங்காலம் பூட்டுவதும் நான்தான்.

படகுக் காகிதங்களை எல்லாம் சங்கத்தில் ஸ்கேன் எடுத்து வைப்போம். எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஒரிஜினலைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் படகிலேயே வைத்திருப்பார்கள். கடலில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும் அல்லவா. எல்லை தாண்டி அக்கரை நேவியிடம் பிடிபட்டால் படகோடு காகிதமும் போய்விடும். பிறகு மிச்சம் இருப்பது சங்கத்து ஸ்கேன்தான். அதற்காகத்தான் சர்வர் வாங்கினார்கள்.

திருச்சியிலிருந்து இன்ஜினியர் வந்து மாட்டினார். மாட்டி முடித்துவிட்டு, "இதுக்கு டெய்லி பேக்கப் எடுக்கணும். யாரு பாத்துக்குவா?" என்று கேட்டார்.

பேக்கப் என்றால் மெஷினில் இருப்பதற்கு இன்னொரு படி எடுத்து வேறு இடத்தில் வைப்பது. செயலாளர் ஆபீஸைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். நான் கையில் டீத் தட்டோடு நின்றேன்.

"இவங்கதான். எங்கிட்டும் போகமாட்டாங்க" என்றார்.

அப்படித்தான் அது என் தலையில் விழுந்தது.

இன்ஜினியர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். டாஸ்க் என்று ஒன்று போட வேண்டும். எதை எடுப்பது, எங்கே வைப்பது, எப்போது எடுப்பது. இந்த மூன்றையும் ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அதுவே செய்துகொள்ளும். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டுருவோம்க்கா. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"ராத்திரி கரண்ட் இருக்காதே."

"கட் ஆகுமா?"

"நாங்களே அமத்திருவோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மெயின் சுவிட்சைக் காட்டினேன். எங்கள் துறையில் ஒருமுறை வலைக் கொட்டகை எரிந்திருக்கிறது. அதிலிருந்து பூட்டும்போது எந்தக் கட்டடத்திலும் மெயினை அணைத்துவிடுவோம். மெயின் அணைக்காமல் வீட்டுக்குப் போனால் செயலாளருக்குச் சோறு இறங்காது.

"அப்ப எந்நேரத்துக்குப் போட?"

"மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு. எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க."

ஒரு மணி நேரத்தில் முழுதாக எடுக்க முடியாது. அதனால் கடைசி மூன்று நாளில் வந்த காகிதத்தை மட்டும் எடுக்கும்படி டாஸ்க் போட்டார். முதல் நாள் மட்டும் அவரே இருந்து முழுதாக எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வரை ஆனது. "மாசத்துக்கு ஒருக்கா இந்த மாதிரி முழுசா எடுத்துருங்க" என்றார். செயலாளர் "பாத்துக்கலாம்" என்றார். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு டிஸ்க் கொடுத்தார். மாத்திரைப் பெட்டி அளவு. ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்டு, இன்னொன்றில் பச்சை. ஒன்று மெஷினில் சொருகியிருக்கும். மற்றது ஆபீஸுக்கு வெளியே இருக்க வேண்டும். கட்டடம் எரிந்தாலும் காகிதம் மிஞ்ச வேண்டுமே. தினமும் மாற்ற வேண்டும்.

வெளியே என்றால் என் வீடுதான். என் வீட்டில் பீரோ இல்லை. மழைக்கு ஒழுகும். யோசித்துப் பார்த்துவிட்டு அரிசி டின்னுக்குள் வைத்தேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எலியும் வராது. அரிசி எடுக்கும்போது கை டிஸ்க்கில் தட்டும். தட்டினால் ஒரு நிம்மதி.

காலையில் சோற்று டப்பாவோடு ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோவேன். சாயங்காலம் இன்னொன்றைக் கொண்டுவருவேன். மத்தியானம் டாஸ்க் ஓடி முடிந்தால் பச்சை டிக் வரும். நோட்டில் நானும் ஒரு டிக் போடுவேன். காய்ச்சல் அடித்தாலும் போக வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய் அப்படியே திரும்பி வந்திருக்கிறேன். ஞாயிறு ஒருநாள்தான் விடுப்பு.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோதுகூட ஒரு வாரம் போய் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். ஞாயிறு பிள்ளையைப் பார்த்தேன். திங்கள் காலை வந்து ஆபீஸைத் திறந்தேன்.

"ஒனக்கு நான் முக்கியமா, அந்தப் பொட்டி முக்கியமா?" என்று போனில் கேட்டாள் மகள்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு திருப்பூர் போய் வந்தேன்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஓர் ஆயுத பூஜை வந்தது.

ஆபீஸைக் கழுவி, மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்தோம். ஸ்கேனருக்குப் பொட்டு, மெயின் சுவிட்சுக்குப் பொட்டு. டிஸ்க் இரண்டையும் ரப்பர் பேண்டைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அதுவும் ஆயுதம்தானே. அன்று எதையும் ஓட்டக் கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் போட்டோம். போடும்போது செயலாளர் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்து சர்வரின் பின்னால் சொருகினார். அதில் சாமி பாட்டு இருந்தது.

"முதல் சத்தம் சாமி சத்தமா இருக்கட்டும்."

பாட்டு ஓடியது. சுண்டல் கொடுத்தோம். பாட்டு நன்றாக இருந்ததால் வெள்ளிக்கிழமைதோறும் போடுவோம் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். நான் தினமும் அதற்குப் பக்கத்தில்தான் டிஸ்க்கை மாற்றிச் சொருகினேன். செயலாளர் வைத்தது, நமக்கென்ன என்று இருந்தேன். மத்தியானம் பச்சை டிக் வந்தது. நானும் நோட்டில் டிக் போட்டேன்.

மார்கழி பிறந்ததும் அவரே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். அப்போதும் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு படகு பிடிபட்டது. போகி அன்று சாயங்காலம் சேதி வந்தது. அதில் போன நான்கு பேரில் ஒருவன் என் தம்பி.

படகு புதிதாக வாங்கியது. கோட்டைப்பட்டினத்தில் ஒருவரிடம் புரட்டாசியில் வாங்கி, அவர் பேரில் இருந்த காகிதத்தை அப்போதே எங்களிடம் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஐப்பசியில் பேர் மாற்றியிருந்தார்கள். பழைய ஓனர் காலத்தில் அந்தப் படகு ஒருமுறை பிடிபட்டு விடுபட்டது. அக்கரையில் இருக்கும் வக்கீல் செயலாளரிடம் போனில் சொன்னார். பொங்கலுக்கு மறுநாள் கோர்ட்டில் வாய்தா. படகில் இருந்த ஒரிஜினல் யார் கைக்குப் போனதென்று தெரியவில்லை, அதற்குள் பேர் மாற்றிய காகிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் பழைய ஓனர் பேரிலேயே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது தடவை என்று ஆகிவிடும். ஆள்களை லேசில் விட மாட்டார்கள்.

மீன்துறை ஆபீஸில் நகல் இருக்கும். ஆனால் பொங்கல் லீவு. திறக்க நாலு நாள் ஆகும்.

"நம்மகிட்ட ஸ்கேன் இருக்குல்ல, காலையில வந்து எடுத்துத் தாங்க" என்றார் செயலாளர்.

பொங்கல் அன்று காலையில் அடுப்பு மூட்டாமலே கிளம்பினேன். தெருவெல்லாம் கோலம், கரும்பு. அம்மன் கோவில் ஸ்பீக்கர் விடியும் முன்பே பாட ஆரம்பித்திருந்தது. ஆபீஸ் மாடிப்படியில் தம்பி பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைக்காத தலை. பக்கத்தில் படகு ஓனரும் மற்றவர்கள் வீட்டுப் பெண்களும்.

"மதினி, இருக்குல்ல?"

"இருக்கு. இரு."

மெயினைப் போட்டேன். சர்வர் லைட் எரிந்தது. உள்ளே கட்கட் என்று சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை. திரை கறுப்பாகவே நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி கட்கட்.

சொந்த ஊருக்குப் போயிருந்த இன்ஜினியருக்குப் போன் போட்டேன். சத்தத்தைக் கேட்கச் சொல்லிப் போனை மெஷின் பக்கத்தில் பிடித்தேன்.

"உள்ள இருக்குற டிஸ்க் போச்சுக்கா. அது இனி வராது. பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப பயமில்ல. ஸ்கேனர் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாருங்க."

பச்சை டிஸ்க் கையில் இருந்தது. சொருகினேன். படகின் நம்பர் போட்ட போல்டர் இருந்தது. திறந்தேன். காகிதம் வந்தது. பேர் பழைய ஓனருடையது. அதற்கு அடுத்த காகிதம் இல்லை. சர்வரில் சொருகியிருந்த சிவப்பு டிஸ்க்கைப் பிடுங்கிச் சொருகினேன். அதிலும் அதே பழைய பேர்.

படகு ஓனர் கதவருகில் வந்து நின்றார்.

"என்னக்கா, வந்துருச்சா?"

"பழசு வருது. ஒங்ககிட்ட ஒரு நகலும் இல்லையாண்ணே?"

"போன்ல எடுத்து வச்சேன். அந்தப் போனு போன வாரம் தண்ணில விழுந்துருச்சு. ஆபீஸ்ல இருக்கேன்னு விட்டுட்டேன்."

நான் கதவைச் சாத்தினேன். தாழ் போடவில்லை. ஆனாலும் போட்டது மாதிரிதான் இருந்தது. வெளியே போக வேண்டும் என்றால் அந்தப் படி வழியாகத்தான் போக வேண்டும். படியில் அவர்கள் இருந்தார்கள். காற்றுக்கு ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னல் இல்லை.

தேதி தேதியாகப் பார்த்தேன். புரட்டாசிக் காகிதம் இருந்தது. ஆயுத பூஜை வரை இருந்தது. பிறகு ஒன்றுகூட இல்லை. மறுபடி மார்கழியில் ஆரம்பித்தது. இரண்டு டிஸ்க்கிலும் அப்படியே. நோட்டைப் புரட்டினேன். அந்த இரண்டு மாதமும் நான் போட்ட டிக் வரிசையாக இருந்தது. ஒருநாள்கூட விடவில்லை.

மறுபடி இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"அந்தச் சமயத்துல வேற ஏதாச்சும் சொருகுனீங்களாக்கா?"

"பென் டிரைவ். பாட்டு போட."

எப்போது சொருகியது என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். எதைச் சொருகினாலும் மெஷின் அதற்கு ஓர் இங்கிலீஷ் எழுத்துக் கொடுக்கும். எங்கள் டிஸ்க்குக்கு ஈ. ஈ எழுத்து எதுவோ அதில் கொண்டுபோய் வை என்றுதான் டாஸ்க். பூஜைக்கு எல்லாம் அணைத்துத் திரும்பப் போட்டபோது பென் டிரைவ் முந்திக்கொண்டு ஈ எழுத்தை வாங்கிவிட்டது. டிஸ்க்குக்கு வேறு எழுத்து. டாஸ்க் ஆளைப் பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும். தினமும் காகிதத்தைக் கொண்டுபோய்ப் பாட்டோடு வைத்திருக்கிறது. அதற்குத்தான் பச்சை டிக்.

"மாசத்துக்கு ஒருக்கா முழுசா எடுத்திருந்தா தப்பிச்சிருக்கும். அந்தப் பென் டிரைவ் எங்கக்கா இப்ப?"

செயலாளர் வந்துவிட்டிருந்தார். உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதா? காருக்குன்னு எடுத்தேன். பெறகு மார்கழிக்குக் கோவில்ல கேட்டாங்கன்னு மைக் செட்டுக்குக் குடுத்துட்டேன்."

"அதுல வேற போல்டர் எதுவும் இருந்துச்சா?"

"ஏதோ ஒண்ணு கெடந்துச்சு. அழிச்சேனா விட்டேனான்னு ஞாபகம் இல்லையே."

காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் அப்போதும் பாடியது. அடைத்த சுவரையும் தாண்டி வந்தது. நான் மூன்று மணி நேரமாக அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். படியில் எல்லாரும் எழுந்தார்கள்.

"எங்கிட்டு மதினி போறீங்க?"

"கோவிலுக்கு."

"இப்பப் போயி எதுக்கு?" என்றாள். நான் நிற்கவில்லை.

மைக் செட்டுக்காரர் கோவில் மதில் ஓரம் பந்தல் நிழலில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிபயரில் சின்ன லைட் மினுக்கியது.

"அந்தப் பென் டிரைவ் வேணும்."

"நாளைக்குத் தாரேன்க்கா. நாளைக்குச் சாயந்தரம் மாட்டுப் பொங்கலோட முடியுது."

"இப்ப வேணும்."

"இப்பவா? வெளையாடுறீங்களா? பாட்டு நின்னுச்சுன்னா ஊரே திரண்டு வந்துரும். ரெண்டு பாட்டு போகட்டும், சாமி பொங்கப்பானை எறக்கிருவாங்க."

"என் தம்பி அதுக்குள்ள இருக்கான்."

அவர் கரும்பைக் கீழே வைத்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. பாதிப் பாட்டில் நானே பிடுங்கினேன்.

ஊர் அமைதியாகிவிட்டது. அப்படி ஓர் அமைதியை நான் பகலில் கேட்டதில்லை. பானையில் பால் பொங்கும் சத்தம்கூடக் கேட்டது. தெருக்கோடியில் ஒரு குரல் "எவன்டா நிறுத்துனது?" என்றது. மைக் செட்டுக்காரர் என்னைக் காட்டினார். நான் நடந்தேன்.

பென் டிரைவ் உள்ளங்கையில் சூடாக இருந்தது. சொருகினேன். பாட்டு, பாட்டு, பாட்டு. பாட்டுக்குக் கீழே ஒரு போல்டர். அதற்குள் படகு நம்பர். அதற்குள் ஐப்பசித் தேதி.

காகிதம் திறந்தது. புதுப் பேர் இருந்தது. சீல் இருந்தது.

செயலாளர் அங்கேயே நின்று வக்கீலுக்கு அனுப்பினார். பத்து நிமிடம் கழித்து வந்து சேர்ந்துவிட்டது என்று போன் வந்தது. படகு ஓனர் கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி பெண்டாட்டி படியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் போல்டரை இரண்டு டிஸ்க்கிலும் போட்டுவிட்டு, பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டு விட்ட இடத்திலிருந்து வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தது.

மறுநாள் வாய்தாவில் காகிதத்தை எடுத்துக்கொண்டார்கள். நான்கு பேரையும் விடுவித்தார்கள். ஊர் வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆனது. படகுக்கு இன்னும் கேஸ் நடக்கிறது.

தம்பி வந்த அன்று சோறு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"ஏக்கா, பொங்கலுக்குச் சாமி பாட்டையே நிறுத்திட்டியாமே?"

"ஆமா."

"ஒன்னைய ஊரை விட்டு ஒதுக்கலையா?"

"எங்க ஒதுக்குறது. ஆபீஸ் திறக்க ஆள் வேணும்ல."

சிரித்தான். பல் தெரியவில்லை.

நான் செயலாளரிடம் சொன்னேன். "தப்பு என்னுது. ரெண்டு மாசம் கண்ணு முன்னாடி இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே டிக் போட்டேன்."

"சொருகுனது நானு. நீங்க இல்லாட்டி நாலு பேரு உள்ள இருந்திருப்பாங்க. வெளில போயி அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க." அவர் கூட்டத்திலும் அப்படித்தான் பேசினார். சால்வை போட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு நின்றுகொள்கிறேன், மகள் வீட்டோடு போய் இருக்கிறேன் என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். சால்வையோடு அதை எப்படிச் சொல்வது. சொல்லவில்லை.

புது மெஷின் வந்தது. இன்ஜினியர் வந்து மாட்டினார். இந்தத் தடவை டாஸ்க்கை என்னையே போடச் சொன்னார். எதை, எங்கே, எப்போது. எழுத்தைப் பார்க்காமல் டிஸ்க்கின் பேரைப் பார்க்கும்படி போட்டோம். அன்றாட டாஸ்க் ஒன்றிலிருந்து இரண்டு. அது முடிந்தது.

"இப்ப வாரத்துக்கு ஒருக்கா முழுசா எடுக்குற டாஸ்க் போடுங்கக்கா. எட்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மெயின அமத்தக் கூடாது. யாரும் ஸ்கேன் எடுக்கவும் கூடாது. எந்தக் கிழமை தோதுப்படும்?"

திரையில் ஏழு கிழமையும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டம். திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற நாள். டோக்கனுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். மற்ற நாளில் படகு வந்து காகித வேலை. மெயின் எரிந்துகொண்டிருக்க ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் போகச் செயலாளர் விட மாட்டார். யாராவது கூடவே இருக்க வேண்டும்.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். செயலாளரும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் டிக் போட்டேன். காலை எட்டு மணி.

மகளிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. வேலை கூடிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஞாயிறுகளில் தம்பி மத்தியானச் சோறு கொண்டுவந்து கதவருகில் வைப்பான். "வெளில வந்து சாப்பிடேன்க்கா" என்பான். பாதிதான் ஓடியிருக்கிறது என்று திரையைக் காட்டுவேன். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான். பிறகு போய்விடுவான்.

சுவரில் ஜன்னல் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு நிறம் மாறியிருக்கிறது. அதற்கு நேராகத்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறேன்.